‘பேக்கப் வெற்றி’ என்று தினமும் மின்னஞ்சல் வந்தால் நம்பிவிடாதீர்கள்

நான் அடிப்படையில் கணக்கு எழுதுகிறவன். சிறிய ஏற்றுமதி நிறுவனம் என்பதால் சோலாரிஸ் (யூனிக்ஸ் வகை இயங்குதளம்) சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் என் தலையில் விழுந்தது. எனக்கு அவ்வளவாகத் தெரியாது என்றுதான் வெளியாரிடம் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டோம். தினசரி பேக்கப்பும் அவர்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது.

மூன்று ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை. இரவில் எல்டிஓ-4 டிரைவ், அதாவது காந்த டேப்பில் தரவை எழுதும் கருவி, ஒரு மணி நேரத்துக்கு மேல் உறுமும். காலையில் ‘பேக்கப் வெற்றி’ என்று மின்னஞ்சல் வந்திருக்கும். பிறகு ஒரு நாள் கணக்கு இருந்த டிஸ்க் செத்தது. டேப்பைப் போட்டு, அதில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று பட்டியலிடும் ‘டார் டிவிஎஃப்’ கட்டளையைக் கொடுத்தேன். சர்வரின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடிசி அடைவின் கோப்புகள் மட்டும் கடகடவென ஓடி, மூன்று விநாடியில் நின்றுவிட்டது. கணக்கும் இல்லை, துணி வடிவமைப்புப் படங்களும் இல்லை. அடுத்தடுத்து ஏழு டேப்புகளைப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இதே கதை.

வந்த பொறியாளர் சர்வர் பக்கமே போகவில்லை. டிரைவை ஒரு பார்வை பார்த்தார். “ஹெட் தேய்ந்துவிட்டது சார், புதிதுதான் போட வேண்டும்” என்றார். ஹெட் என்பது டேப்பைப் படித்து எழுதும் முனை. தேய்ந்த ஹெட் இடிசியை மட்டும் பிழையில்லாமல் படிக்குமா என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஒன்றரை லட்ச ரூபாய்க்கு எல்டிஓ-6 டிரைவ் வந்தது. அது எல்டிஓ-4 டேப்பைப் படிக்கும், ஆனால் அதில் எழுதாது. அதைப் பொருத்திய பிறகுதான் சொன்னார்கள். ஆகவே புது டேப்புகளுக்கும் தனியாகப் பணம்.

ஒரு வாரம் கழித்துப் புது டேப்பைப் படித்துப் பார்த்தேன். மறுபடியும் இடிசி மட்டும்!

அன்றிரவு, தினமும் பேக்கப் எடுக்கும் கட்டளைகள் எழுதிய ஸ்கிரிப்டைத் திறந்தேன். மூன்று ‘டார்’ வரிகள்: முதலில் கணக்கு, அடுத்து படங்கள், கடைசியில் இடிசி. மூன்றுமே ‘/டெவ்/ஆர்எம்டி/0’ என்ற பெயருக்கு எழுதின; சோலாரிஸில் டேப் டிரைவுக்கு அதுதான் பெயர். அந்தப் பெயரில் எழுதினால், ஒவ்வொரு முறை முடிந்ததும் டேப் தானாகத் தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும். கணக்கின் மேல் படங்கள், படங்களின் மேல் இடிசி. படங்களில் பெரும்பகுதி டேப்பில் இன்னும் கிடந்தாலும், கடைசியாக எழுதியது முடிந்த இடத்தில் தரவு முடிவு என்று குறி விழுந்துவிடுவதால் டிரைவ் அதைத் தாண்டிப் போகாது. ‘0என்’ என்று போட்டிருந்தால் சுற்றாமல் நின்ற இடத்திலிருந்து தொடர்ந்திருக்கும். லினக்ஸில் இதே வேறுபாடு ‘எஸ்டி0’, ‘என்எஸ்டி0’. எல்லாம் ஓர் எழுத்து. ‘வெற்றி’ மின்னஞ்சலோ, ‘டார்’ என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பும் வெறும் ஒரு வரி.

கேட்டதற்கு, “ஸ்கிரிப்டை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், எங்கள் பொறுப்பு வன்பொருளுக்கு மட்டும்” என்றார்கள். ஒப்பந்தத்தின் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு தொலைபேசியை எடுப்பதில்லை.

உங்களிடம் டேப் பேக்கப் இருந்தால் இன்றே ஒரு டேப்பைப் போட்டு டேப்பை நகர்த்தும் ‘எம்டி’ கட்டளையால் ‘எஃப்எஸ்எஃப் 1’ கொடுத்து முதல் கோப்பைத் தாண்டி (ஒரு முறை ‘டார்’ எழுதியது முழுவதும் டேப்பில் ஒரு கோப்பு), ‘டார் டிவிஎஃப்’ கொடுத்து இரண்டாவது கோப்பைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். அதைப் பார்க்கும்போது சுற்றாத பெயரையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் டேப் உடனே தொடக்கத்துக்கு ஓடிவிடும். ஏதாவது ஒரு பழைய கோப்பை வேறு இடத்தில் மீட்டெடுத்துத் திறந்தும் பாருங்கள்.

ரசீதுகளை வைத்துக்கொண்டு ஏப்ரலிலிருந்து கணக்கை மறுபடி தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம். பழைய டிரைவை ஐயாயிரம் ரூபாய் கழித்துக்கொண்டு அவர்களே எடுத்துப் போய்விட்டார்கள். அதில் ஒரு பழுதும் இருக்கவில்லை.