‘துப்பாக்கிக்கு அனுமதி இல்லை’: கதவில் ஒட்டும் ஸ்டிக்கர் எந்த மாநிலத்தில் செல்லும்?

துப்பாக்கியுடன் என் கடைக்குள் வராதீர்கள் என்று சொல்ல அமெரிக்கக் கடைக்காரருக்கு உரிமை உண்டு. ஆனால் அதைக் கதவில் ஒட்டி வைத்தால் சட்டம் எவ்வளவு மதிக்கும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான்: கல்லாவில் நிற்கும் பெண், துப்பாக்கி வைத்திருப்பவரிடம் போய் "வெளியே போங்க" என்று சொல்ல வேண்டிய நிலையை அந்தப் பலகை தவிர்க்கிறதா?

செயின்ட் லூயிஸ் பக்கம் இது பளிச்சென்று தெரியும். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே மிசௌரி, பாலத்தைத் தாண்டினால் இல்லினாய்.

இல்லினாயில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலப் போலீஸ் நிர்ணயித்த ஒரே வடிவம்தான். வெள்ளைப் பின்னணியில் துப்பாக்கிப் படம், மேலே சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும். அளவு நாலுக்கு ஆறு அங்குலம், சாதாரண போட்டோ பிரிண்ட் அளவு. வாசலில் இது கண்ணில் படும்படி இருந்தும், துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல லைசென்ஸ் உள்ளவர் அதனுடன் நுழைந்தால் அதுவே குற்றம்; ஆறு மாதம் வரை சிறை. துப்பாக்கியைக் காரிலேயே பூட்டி வைத்துவிட்டு வரவும் சட்டம் வழி விட்டிருக்கிறது. இரு தரப்புக்கும் நியாயமான ஏற்பாடு.

மிசௌரியில் பலகை பெரிது: 11க்கு 14 அங்குலம், எழுத்து ஒரு அங்குல உயரத்துக்குக் குறையக் கூடாது. பலன்தான் சிறிது. லைசென்ஸ் உள்ளவர் அதைத் தாண்டி நுழைந்தாலும் அது மட்டும் குற்றமாகாது. வெளியே போகச் சொல்லி, அவர் மறுத்து, போலீஸ் வந்தால்தான் அபராதம். முதல் தடவை 100 டாலருக்கு மிகாது. ஆறு மாதத்துக்குள் இரண்டாவது தடவை மாட்டினால் 200 டாலர் வரை போகும், லைசென்ஸும் ஓராண்டு முடக்கம். ஆக, அந்தச் சங்கடமான வேலை கல்லாப் பெண்ணின் தலையில்தான் விழுகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஹவாய் 2023இல் தலைகீழாக யோசித்தது: உரிமையாளர் சம்மதம் தராத தனியார் இடத்துக்குள் துப்பாக்கி கூடாது. அனுமதிப்பவர்தான் வாயாலோ எழுத்திலோ பலகையிலோ சொல்ல வேண்டும். ஒன்பதாவது சர்க்யூட் என்ற கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 செப்டம்பரில் இதை ஏற்றது. அதே தீர்ப்பில், குறிப்பிட்ட வடிவப் பலகை மட்டுமே சம்மதம் என்ற கலிபோர்னியா விதியை ஏற்கவில்லை. ஹவாய் வழக்கை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. கடைக்காரருக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆனால் துப்பாக்கி உரிமை அரசியல் சாசனத்திலேயே இருப்பதால், அந்தச் சிக்கலும் இதில்தான் அதிகம்.

அப்புறம் டெக்சாஸ். நம்மவர்கள் கடையும் கோயிலும் நடத்தும் ஊர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லைசென்ஸ் உள்ளவரைத் தடுக்க, குறுக்குக் கோடு போட்ட படம் மட்டும் அங்கே போதாது. தண்டனைச் சட்டத்தின் 30.06ஆம் பிரிவு மறைத்து எடுத்து வருவதற்கு, 30.07 வெளியே தெரிய எடுத்து வருவதற்கு. இரண்டுக்கும் தனித்தனிப் பலகை. சட்டம் தந்த வாசகமே, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், எடுப்பாகத் தெரியும் நிறத்தில், ஒரு அங்குல எழுத்தில். சின்னக் கடை என்றால் முகப்புக் கண்ணாடியில் பாதி இதற்கே போய்விடும். அப்படி ஒட்டியும், மீறினால் 200 டாலர் வரை அபராதம்தான். நேரில் சொல்லியும் வெளியேறாவிட்டால்தான் ஓராண்டு வரை சிறை என்ற அளவுக்குப் போகும். 2021 முதல் லைசென்ஸ் இல்லாமலே பலர் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றானதால், அவர்களுக்கு 30.05இன் கீழ் இன்னொரு வாசகமும் சேர்ந்துகொண்டது.

இந்த நான்கில் எனக்குப் பிடித்தது இல்லினாய் முறை. டெக்சாஸில் இருப்பவர்கள் படத்தை நம்பி இருக்காதீர்கள். துப்பாக்கி வேண்டாம் என்றால் வழிபாட்டுத் தலங்களும் இந்த அறிவிப்பைத் தாங்களே வைத்தாக வேண்டும். பிரிண்ட் போடும்முன் சட்டத்தில் உள்ள வாசகத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். நேரில் போய்ச் சொல்லும் பொறுப்பு யாருடையது என்றும் முன்பே பேசி வையுங்கள். அதைக் கல்லாவில் நிற்பவரிடம் விடாதீர்கள்.