விரல் தேய்ந்தவர்களுக்கு என்ன வழி?

இந்தத் தடவை ஊருக்கு வந்தபோது பார்த்த நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. முக்கூடல் பக்கம் எங்கள் கிராமத்துப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் யாரிடமும் காசு கேட்காமல் போய்வருகிறார்கள். பட்டா, சிட்டாவை துபாயில் உட்கார்ந்தே பார்க்க முடிகிறது. அதிலெல்லாம் குறையில்லை.

என்னை உறுத்தியது சித்தியின் கைரேகை.

முக்கூடல், ஆலங்குளம், கடையம் என்று எங்கள் பக்கம் எங்கே போனாலும் திண்ணையில் சொளவை, அதாவது முறத்தை, மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். மழை பொய்த்தால் வயல் வேலை நின்றுவிடும், பீடி வேலை நிற்காது. நான் படித்தது சித்தி சுற்றிய பீடிக் காசில்தான். ஊறவைத்த இலையை அளவாக வெட்டி, தூளைப் பரப்பி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக உருட்டி, முனையை மடக்கி நூல் கட்ட வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சின்னப் பிள்ளையாக சொளவின் முன் உட்கார்ந்த சித்தி, கண் மங்கிய பிறகுதான் எழுந்தாள். அந்தக் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்த இரண்டு விரல்களின் நுனியும் வழவழவென்று இருந்தன, கோடே தெரியவில்லை. மற்ற விரல்களில் வெடிப்பு.

பி.எஃப். பிடித்தம் இருந்ததால் சித்திக்கு மாதம் ஆயிரம் ரூபாய் சொச்சம் பென்ஷன் உண்டு. உயிரோடு இருப்பதற்கான சான்றை வருஷத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். போன இடத்தில் விரல் பதியவில்லை, அப்புறம் வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். மறுபடி போயும் அதே கதை. கெடு தாண்டியதும் பணம் நின்றுவிட்டது. "எய்யா, நான் உசுரோட எதுக்க நிக்கேன், விரலுதான் வேணுங்கான்" என்று சித்தி சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. ரேஷன் கடையிலும் விரலால் அலைச்சல்தான்.

வழியே இல்லையென்றால் மனசைத் தேற்றிக்கொள்ளலாம். வழி இருக்கிறது, அதைச் சொல்லத்தான் யாரும் இல்லை. முகத்தைக் காட்டிச் சான்று எடுக்கும் வசதி 2021 நவம்பரிலேயே வந்துவிட்டது. ஸ்மார்ட்போனில் ஜீவன் பிரமான் செயலியும், ஆதாரின் முகச் சரிபார்ப்புச் செயலியும் போட்டுக்கொள்ள வேண்டும். ஆதார் எண், பென்ஷன் உத்தரவு எண், பேங்க் கணக்கு எண், ஓடிபி வரும் போன், இவ்வளவும் பக்கத்தில் இருக்கட்டும். சித்தியை முற்றத்து வெளிச்சத்தில் உட்காரவைத்துக் கண்ணைச் சிமிட்டச் சொன்னேன். சான்று வந்துவிட்டது. இத்தனை அலைச்சலும் இந்தச் சின்ன வேலைக்குத்தானா என்று ஆத்திரமாக வந்தது.

ஸ்மார்ட்போன் பிடிக்க வீட்டில் பிள்ளைகள் இல்லாதவர்கள் தபால்காரரிடம் சொல்லலாம். வீட்டுக்கே வந்து எடுத்துத் தருவார். ரேஷனில் விரல் விழாவிட்டால் கருவிழிக் கருவியில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கடைக்கு வர முடியாத முதியவர்கள் படிவம் எழுதிக் கொடுத்து வேறொருவரை அனுப்பலாம். இதையெல்லாம் ரேஷன் கடை வாசலிலும் இ-சேவை மையத்திலும் பெரிய எழுத்தில் ஒரு போர்டாக எழுதிவைத்தால் என்ன? பாதி அலைச்சல் குறையும். பீடித் தொழிலாளர்கள் இவ்வளவு பேர் இருக்கிற வட்டாரத்தில் அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள் பெட்டியைப் பிரித்ததும் வீட்டுப் பெரியவர்களின் சான்று எந்தத் தேதியோடு முடிகிறது என்று பார்த்துவிடுங்கள். மைனிக்கு, அதாவது அண்ணிக்கு, எல்லாவற்றையும் ஒருமுறை செய்துகாட்டினேன். இப்போது தெருவில் இருக்கும் மற்ற பீடிக்காரப் பெண்களுக்கும் மைனிதான் போனில் எடுத்துக் கொடுக்கிறாள்.