லாட்டானோபுரோஸ்ட் கண் சொட்டு மருந்து: தீராத பாட்டிலோடு நெடுநாள் பழக்கம்

"நாலு வாரம் ஆச்சு, பாட்டில்ல இன்னும் மருந்து கிடக்கே, போடலாமாண்ணே?" மலேசியாவின் சுங்கை சிப்புட் நண்பர் ஒருவர் கேட்டார். போடக்கூடாது. கண் அழுத்தத்துக்குப் போடும் இந்த லாட்டானோபுரோஸ்ட் பாட்டிலைத் திறந்தால் நாலு வாரம்தான் கணக்கு.

மருந்தில் குறையே இல்லை. இரவில் கண்ணுக்கு ஒரு சொட்டு, வேலை முடிந்தது. கண் அழுத்தத்தை நன்றாக இறக்குகிறது. கண் அழுத்தத்துக்கே போடும் டிமோலால் சொட்டு போல ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு வரவைக்கும் பயமும் பெரிதாக இல்லை. எனக்கு எரிச்சலெல்லாம் பாட்டில் மேல்தான். 2.5 மில்லியில் ஏறக்குறைய 80 சொட்டு இருக்கும். இரண்டு கண்ணுக்கும் 28 நாள் போட்டால் 56. மிச்சம் 24 சொட்டு அடியில் ஆடிக்கொண்டே இருக்கும். வீச யாருக்கு மனசு வரும்?

வீசித்தான் ஆகவேண்டும். முனை இமைமயிரில் பட்டால் கிருமி உள்ளே போகும், உள்ளிருக்கும் பென்சால்கோனியம் குளோரைடு என்ற கிருமித் தடுப்பு மருந்து அதை என்றைக்கும் தடுத்துக்கொண்டிருக்காது. பெட்டியில் அச்சடித்த தேதி திறக்காத பாட்டிலுக்கு மட்டும்தான். திறந்த தேதியை எழுத அதில் இடமே விடவில்லை! ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி மார்க்கரால் எழுதுங்கள். திறந்த பிறகு 25 டிகிரிக்குக் கீழ் வைக்கச் சொல்கிறார்கள். தகரக்கூரை வீட்டில் மத்தியானம் அது நடக்காது, அதனால் ஃபிரிட்ஜ் கதவுத் தட்டிலேயே வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். சில்லென்று விழுவதால் சொட்டு கண்ணுக்குள் போனதும் தெரியும்.

இரண்டே வாரத்தில் தீர்ந்துவிட்டால் ஒரு அமுக்கலில் இரண்டு மூன்று சொட்டு விழுகிறது என்று அர்த்தம். கண்ணில் ஒரு சொட்டே முழுசாக நிற்காது, மீதி கன்னத்தில் வழிந்து இமைத்தோலைக் கறுக்க வைக்கும். உடனே துடையுங்கள். கீழிமையை இழுத்து, மேலே பார்த்து, ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூக்கோரக் கண்முனையை இரண்டு நிமிஷம் அழுத்துங்கள். வேறு சொட்டு மருந்தும் இருந்தால் ஐந்து நிமிஷம் கழித்துப் போடுங்கள்.

மிச்சமான சொட்டு பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. அதுதான் எனக்குக் கோபம். லாட்டானோபுரோஸ்டே கண்ணைச் சிவக்க வைக்கும் மருந்து, அதைச் சிவந்த கண்ணுக்கா கொடுப்பது? இன்னும் மோசம், கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு மிஞ்சிய ஸ்டீராய்டு சொட்டு. செம்பனைக் குலை வெட்டும்போது மட்டை கீறிய கண்ணில் பூஞ்சை புகுந்திருக்கலாம். அதில் ஸ்டீராய்டு விட்டால் முதலில் சிவப்பு குறைந்தது போல இருக்கும், உள்ளே கருவிழி புண்ணாகி அரித்துவிடும். கீறல் பட்ட கண்ணுக்கு அன்றைக்கே கிளினிக், வேறு வழியில்லை.

மிச்ச மருந்தை சிங்க்கிலோ சாக்கடைக் கானிலோ ஊற்றாதீர்கள், குப்பையோடு கொளுத்தவும் வேண்டாம். மூடியை இறுக்கி, பெயர் ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டு, அரசாங்க கிளினிக் மருந்து கவுண்டரில் கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள். மருந்துக்கடையில் வாங்கும் சிவப்பு போக்கும் சொட்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். டெட்ராஹைட்ரோசோலின், நாஃபசோலின் கலந்தவை 1 முதல் 2 மில்லி குழந்தை வயிற்றுக்குள் போனாலே ஆபத்து.

இவ்வளவு மெச்சியும் சொல்கிறேன், ஒற்றை வேளைக் குப்பியில் கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள், கிடைத்தால் இந்தப் பாட்டிலை விட்டுவிடுங்கள். கிடைக்காவிட்டால் நாலு வாரம் முடிய ஒரு வாரம் இருக்கும்போதே புதுசை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழையதை வீசிவிட்டுச் சும்மா இருக்கும் இரவுகளில் கண் அழுத்தம் ஏறும்.