ஈ.சி.ஜி. வாட்ச் ரிவ்யூ: துடிப்ப காட்டுது, ரிஸ்க்க காட்டல

ஈ.சி.ஜி. எடுக்கற ஸ்மார்ட் வாட்ச் வாங்கலாமா வேணாமான்னு தேடி வந்தவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன், சொன்ன வேலைய ஒழுங்கா செய்யுது, நாலு ஸ்டார் தாராளமா குடுக்கலாம். ஆனா ஏற்கனவே ஹார்ட் ரிதம் பிரச்சனை இருக்கற வீட்டுக்குள்ள இது வந்துச்சுன்னா பயப்பட வேண்டிய ஆள் ஜாலியா சுத்துவாரு, பயப்பட வேண்டாத ஆள் ராத்திரி முழுக்க மணிக்கட்ட பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. எங்க வீட்ல ரெண்டு பேரும் இருக்கோம், அதனால ரிவ்யூ கொஞ்சம் நீளும், பொறுத்துக்கங்க. பிராண்ட் பேர் போடல, ஆப்பிள், சாம்சங், ஃபிட்பிட்னு எத எடுத்தாலும் ஈ.சி.ஜி. விஷயத்துல அடிப்படை ஒண்ணுதான்.

வாட்சோட பின்பக்கம் ஒரு எலெக்ட்ரோடு மணிக்கட்ட தொட்டுக்கிட்டு இருக்கும், இன்னொரு கை விரல வாட்ச்ல அது சொல்ற எடத்துல 30 செகண்ட் வெக்கணும், அவ்ளோதான். ஆஸ்பத்திரில 12 லீட் எடுப்பாங்க, அதாவது 12 கோணத்துலருந்து பாப்பாங்க, இது ஒரே ஒரு லீட். முடிவு வந்து "சைனஸ் ரிதம்" (நார்மல் துடிப்பு), "ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்" (சுருக்கமா ஏ.எஃப்., தாறுமாறான துடிப்பு), "முடிவு தெரியல", இந்த மாதிரி ஒரு வரில வரும், பிடிஎஃப் ஆக்கி டாக்டருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிக்கலாம். ஹார்ட் அட்டாக்க இது கண்டுபிடிக்காது, அத ஆப்லயே எழுதி போட்டிருக்கான், நம்ம ஆளுங்கதான் அத படிக்காம ஓகே ஓகேன்னு தட்டிட்டு போயிடுவோம். நெஞ்சு வலின்னா வாட்ச்ச பாக்காதீங்க, 108க்கு அடிங்க.

வயசானவங்களுக்கு வாங்கறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. அப்பாவுக்கு விரல் நுனியெல்லாம் காஞ்சு போய் கெட்டியா இருக்கும், காலம் முழுக்க பஸ் ஸ்டியரிங் புடிச்ச கை, ஆரம்பத்துல எடுத்ததெல்லாம் கோடு கோடா கிறுக்கலாத்தான் வந்துச்சு. விரல லேசா தண்ணில நனைச்சு துடைச்சிட்டு, ரெண்டு கையையும் டைனிங் டேபிள் மேல வெச்சு, பேசாம உக்கார வெச்சா சுத்தமா வருது. அவர பேசாம உக்கார வெக்கறதுதான் கஷ்டம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

எனக்கு இருக்கறது எஸ்.வி.டி., திடீர்னு துடிப்பு வேகமாகற ரிதம் பிரச்சனை. சும்மா உக்காந்திருப்பேன், சுவிட்ச் போட்ட மாதிரி துடிப்பு 180க்கு போயிடும், கழுத்துல தட தடன்னு அடிக்கும், கை சில்லுனு ஆயிடும், அந்த நேரத்துல செத்துருவோம்னுதான் தோணும், யார் என்ன சொன்னாலும் மண்டைல ஏறாது. எக்கோ (இதய ஸ்கேன்) எல்லாம் பாத்துட்டு டாக்டர் சொன்னது என்னன்னா இதயம் நல்லா இருக்கு, உள்ள ஒரு சின்ன சர்க்யூட் கூடுதலா இருக்கு, அதுல கரண்ட் சுத்துது, தொல்லை ஜாஸ்தி ஆபத்து கம்மி, வேணும்னா அப்லேஷன் பண்ணி அத சுட்டு விட்டுடலாம், பெரும்பாலும் அதோட தீர்ந்துடும்னு. நல்லா தலையாட்டிட்டு வந்தேன். வாட்ச் கட்டினதுக்கப்புறம் என்ன ஆச்சு? படி ஏறினா ஒரு ஈ.சி.ஜி., காபி குடிச்சா ஒரு ஈ.சி.ஜி., ஒரு துடிப்பு விட்டு அடிச்சா ஒரு ஈ.சி.ஜி., அது "முடிவு தெரியல"ன்னு சொல்லிட்டா அந்த டென்ஷன்லயே துடிப்பு இன்னும் ஏறும், ஏறினதுக்கு இன்னொரு ஈ.சி.ஜி. நான் மட்டும் இல்லீங்க, அமெரிக்கால ஏ.எஃப். இருக்கற ஒரு 70 வயசு அம்மா ஒரே வருஷத்துல 916 தடவ வாட்ச்ல ஈ.சி.ஜி. எடுத்தத 2020ல மெடிக்கல் ஜர்னல்லயே எழுதியிருக்காங்க. அவங்க வியாதிய விட பதட்டம்தான் பெரிய பிரச்சனையா போச்சு, கடைசில அதுக்கு கவுன்சிலிங் எடுத்தாங்க.

நியாயமா ஒண்ணு சொல்லணும், எனக்கு இந்த வாட்ச்சால பெரிய லாபம் இருக்கு. எஸ்.வி.டி. வந்தா கொஞ்ச நேரத்துல தானா போயிடும், ஆஸ்பத்திரிக்கு போறதுக்குள்ள ஈ.சி.ஜி. நார்மல், "கேஸா இருக்கும், டென்ஷன குறைங்க"ன்னு அனுப்பிடுவாங்க. ஹோல்டர்னு உடம்புல மாட்டி விடற ஈ.சி.ஜி. மெஷின் மாட்டின 24 மணி நேரமும் அது சாதுவா இருக்கும். வாட்ச்லதான் அது ஓடிக்கிட்டிருக்கும்போதே பிடிச்சேன், அந்த பிடிஎஃப்ப பாத்துதான் டாக்டரே உறுதி பண்ணினாரு. அவர் சொல்லிக் குடுத்த வித்தையும் உங்களுக்கு சொல்றேன், இதே பிரச்சனைன்னு உறுதியானவங்க உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு பண்ணுங்க: பாதி சாஞ்ச மாதிரி உக்காந்து 10 மில்லி சிரிஞ்ச் வாயில 15 செகண்ட் பலமா ஊதணும், உடனே மல்லாக்க படுக்க வெச்சு இன்னொருத்தர் காலத் தூக்கிப் பிடிக்கணும். 2015ல இங்கிலாந்துல பண்ணின ரிவர்ட்ங்கற ஆய்வுல கால தூக்காம சாதாரணமா முக்கறதுக்கு 17 சதவீதம் பேருக்குத்தான் நின்னுச்சு, இந்த முறைல 43 சதவீதம். எனக்கு எப்பவும் கால தூக்கறது என் வொய்ஃப்தான், சிரிச்சுக்கிட்டே தூக்குவா.

அப்பா கதை அப்படியே உல்டா. அவருக்கு ஏ.எஃப்., அதாவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதுவும் வந்து வந்து போற டைப். படபடப்பு இல்ல, மூச்சு வாங்கல, ஒண்ணும் இல்ல, முட்டி ஆபரேஷனுக்கு ஃபிட்னஸ் வாங்க போன எடத்துல ஈ.சி.ஜி.ல மாட்டிச்சு. "எனக்கு ஒண்ணும் பண்ணலயே, இவனுங்க காசு புடுங்க சொல்றானுங்க"ன்னுதான் இன்னிக்கும் சொல்றாரு. ஆனா கணக்கு போட்டு பாத்தா வீட்ல ரிஸ்க் அவருக்குத்தான். இதயத்தோட மேல் அறை ஒழுங்கா சுருங்காம நடுங்கிக்கிட்டே இருக்கறதால ரத்தம் ஓரமா தேங்கி கட்டி ஆகும், இடது பக்கம் காது மாதிரி ஒரு பை இருக்கு, அங்கதான் பெரும்பாலும் உருவாகுது, அது கிளம்பி மூளைக்கு போனா ஸ்ட்ரோக். ஏ.எஃப். இருந்தா ஸ்ட்ரோக் ரிஸ்க் சுமார் 5 மடங்குன்னு ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு 1991லயே சொல்லிடுச்சு. யாருக்கு மாத்திரை வேணும்னு பாக்கறதுக்கு சாட்ஸ் வாஸ்க்னு ஒரு ஸ்கோர் இருக்கு, பிபி 1, சுகர் 1, வயசு 65லருந்து 74க்குள்ள இருந்தா 1, 75 ஆயிட்டா 2, முன்னாடியே ஸ்ட்ரோக் வந்திருந்தா 2, ஹார்ட் ஃபெயிலியர் 1, ரத்தக்குழாய் அடைப்பு 1. அப்பாவுக்கு 71 வயசு, பிபி சுகர் ரெண்டும் உண்டு, ஆச்சா 3. ஆம்பளைங்களுக்கு 2 வந்தாலே பிளட் தின்னர், அதாவது ரத்தம் கட்டாம பாத்துக்கற மாத்திரை, போடச் சொல்றாங்க. கவனிச்சு பாருங்க, இந்த லிஸ்ட்ல "படபடப்பு எவ்ளோ இருக்கு"ன்னு ஒரு கேள்வியே இல்ல! ஆனா நாம எல்லாரும் ரிஸ்க்க அளக்கறது அத வெச்சுத்தான், நெஞ்சு தட தடன்னா ஆபத்து, அமைதியா இருந்தா நல்லா இருக்கோம்.

வாட்ச் கெடுக்கறது இந்த எடத்துலதான். காலைல எழுந்து எடுப்பாரு, "சைனஸ் ரிதம்"னு வரும், "பாத்தியாடா, நார்மல்னு உன் வாட்ச்சே சொல்லுது"ன்னு அன்னிக்கு மாத்திரைக்கு லீவு. மாசக் கடைசில ரிவராக்ஸபான் (அவரோட பிளட் தின்னர்) அட்டைல மாத்திரை மிச்சம் இருக்கறத அம்மாதான் கண்டுபிடிச்சு சத்தம் போட்டாங்க. அந்த மாத்திரை ஒரு நாள் விட்டாலே பாதுகாப்பு போயிடும், உடம்புல ரொம்ப நேரம் தங்காது. டாக்டர் பொறுமையா சொன்னாரு, "ஐயா, நீங்க பாக்கற அந்த 30 செகண்ட் நார்மல், ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன ஓடுச்சுன்னு உங்களுக்கு தெரியுமா? துடிப்பு சரியாயிட்டாலும் மாத்திரை மாத்திரைதான்." இது சும்மா மிரட்டறது இல்ல, 2002ல வந்த அஃபர்ம்னு பெரிய ஆய்வு, 4060 பேர், துடிப்ப நார்மலாக்கி வெச்ச குரூப்லயும் ஸ்ட்ரோக் வந்துச்சு, வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க வார்ஃபரின்ங்கற பழைய பிளட் தின்னர நிறுத்தினவங்க, இல்ல அது எவ்ளோ வேலை செய்யுதுன்னு காட்டற ஐ.என்.ஆர். டெஸ்ட் குறைவா இருந்தவங்க.

இன்னொரு காமெடி. பிளட் தின்னர் போட்டா மூளைல ரத்தம் கசியும்னு தெருல யாரோ சொல்லிட்டாங்களாம், அந்த பயத்துல ரிவராக்ஸபான விடறவரு முட்டி வலிக்கு மெடிக்கல்ல சீட்டே இல்லாம டைக்ளோஃபினாக் வாங்கி போடறாரு. பிளட் தின்னரோட அத சேத்தா வயித்துல ரத்தக்கசிவு வர்ற சான்ஸ் கூடும், நெஜமா பயப்பட வேண்டியது அதுக்குத்தான், ஆனா வலி மாத்திரை காலம் காலமா பழகின மாத்திரையாச்சே, அதுல என்ன வந்துடப்போகுது! ரத்தம் இளகறதுக்கு ஆஸ்பிரின் ஒண்ணு போதும்னு மாமா வேற ஐடியா குடுத்தாரு. 2011ல அவெரோஸ் ஆய்வுல வார்ஃபரின் ஒத்துக்காத ஏ.எஃப். பேஷண்ட்டுங்களுக்கு ஆஸ்பிரின் குடுத்ததுல வருஷத்துக்கு 3.7 சதவீதம் பேருக்கு ஸ்ட்ரோக் இல்லன்னா உடம்புல வேற எடத்துல ரத்தக்கட்டி, ரிவராக்ஸபான் மாதிரியே இன்னொரு பிளட் தின்னரான அபிக்ஸபான் குடுத்ததுல 1.6, பெரிய ரத்தக்கசிவு ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். மாமாகிட்ட சொன்னேன், "அதெல்லாம் வெள்ளக்காரன் உடம்புக்குப்பா"ன்னுட்டாரு.

ருமாட்டிக் வால்வு பிரச்சனையோட ஏ.எஃப். இருக்கறவங்க இந்த மாத்திரை பேர பாத்துட்டு நீங்களா மாத்திக்காதீங்க, மைட்ரல் வால்வு (இதயத்தோட இடது பக்க வால்வு) நல்லா சுருங்கினவங்களுக்கு வார்ஃபரின், அசிட்ரோம் வகைதான், 2022ல இன்விக்டஸ் ஆய்வுலயும் அதுதான் வந்துச்சு.

தானா வர்ற "சீரற்ற துடிப்பு" நோட்டிஃபிகேஷன் பத்தியும் நிறைய பேர் கேக்கறாங்க. பச்சை லைட் வெச்சு நாடிய அப்பப்ப பாத்து சொல்றது அது, ஏ.எஃப். இருக்கான்னே தெரியாதவங்களுக்காக வெச்சது. எங்க வாட்ச்ல செட்டப் பண்ணும்போதே ஏ.எஃப். இருக்கான்னு கேட்டுச்சு, ஆமான்னதும் அந்த வசதி உங்களுக்கு இல்லன்னுடுச்சு. ஆப்பிள் ஹார்ட் ஸ்டடி 2019ல வந்துச்சே, அதுல 4 லட்சத்து 19 ஆயிரம் பேர், நோட்டிஃபிகேஷன் வந்தது 0.52 சதவீதம் பேருக்கு, அப்புறம் நெஞ்சுல ஈ.சி.ஜி. பேட்ச் ஒட்டி பாத்தவங்கள்ல ஏ.எஃப். சிக்கினது 34 சதவீதம். வந்து வந்து போற வியாதி, பேட்ச் ஒட்டினப்ப இல்லாம இருந்திருக்கலாம், அதனால மத்தவங்களுக்கு இல்லன்னும் அடிச்சு சொல்ல முடியாது.

இப்ப நாங்க எப்படி யூஸ் பண்றோம்னா, என் வாட்ச்ல ஈ.சி.ஜி. ஆப்ப முகப்புலருந்து தூக்கிட்டேன், நெஜமாவே தட தடன்னு ஓடினா மட்டும்தான் திறக்கறது. அப்பா வாட்ச்ல ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு அலாரம், ஏன்னா ரிவராக்ஸபான் சாப்பாட்டோட போட்டாத்தான் உடம்புல சரியா சேரும். இத்தன காசு குடுத்து வாங்கினதுல அவருக்கு உருப்படியா உதவறது அந்த அலாரம்தான், அத 200 ரூபா கடிகாரமே செஞ்சிருக்கும்னு அம்மா குத்திக் காட்டறாங்க, பதில் சொல்ல முடியல.

வாங்கறதா இருந்தா: படபடப்பு வந்து போகுது, ஈ.சி.ஜி.ல சிக்கவே மாட்டேங்குதுன்னு அலையறவங்க கண்ணை மூடிட்டு வாங்குங்க. ஏ.எஃப்.னு உறுதியாகி மாத்திரை ஓடிட்டிருக்கறவங்க டாக்டர் கேட்டா வாங்குங்க. சும்மாவே கூகுள் பண்ணி பயப்படற ஆளா இருந்தா வேணாம் சாமி. பேட்டரி ஒன்றரை நாள்தான் நிக்குது, கூட வர்ற ரப்பர் ஸ்ட்ராப் நம்ம ஊர் வேர்வைக்கு மணிக்கட்டுல அரிக்குது, துணி ஸ்ட்ராப் ஒண்ணு சேத்தே ஆர்டர் போட்டுடுங்க.