ஹெரால்டுக்கு எந்த ரிம்? 13, 14, 15 இன்ச்சும் அவற்றின் ஆஃப்செட்டும்

ஸ்டாண்டர்ட் ஹெரால்டை எடுத்து ஸ்போர்ட்ஸ் காராகக் கட்ட வேண்டும் என்ற ஆசை மதுரைப் பக்கம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. அது நல்ல ஆசை. 1961-இல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தயாரிக்கத் தொடங்கிய இந்த வண்டியும் இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டையும் வரைந்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி. ஹெரால்டின் 91.5 இன்ச் வீல்பேஸை 83 இன்ச்சாகச் சுருக்கித்தான் ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்தார்கள். முன் சஸ்பென்ஷன், சக்கரம் மாட்டும் ஹப், பின்னால் குறுக்கே படுத்திருக்கும் லீஃப் ஸ்பிரிங் எல்லாம் ஒரே வழி வந்தவை. ஸ்பிட்ஃபயர் இன்ஜினோ டிஸ்க் பிரேக்கோ கிடைத்துவிட்டால் ஏற்றுவது பெரும்பாலும் போல்ட் வேலைதான்.

சிக்கல் ரிம்மில் வருகிறது. "எத்தனை இன்ச் போடலாம்?" என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. என்னைக் கேட்டால் அது கடைசியாகக் கேட்க வேண்டியது. சக்கரம் ஹப்பிலிருந்து எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அது சரியாக அமைந்தால் 13 இன்ச்சிலும் வண்டி அழகாக நிற்கும். அது தவறினால் எத்தனை இன்ச் போட்டாலும் மட்கார்டில் உரசும், பேரிங் போகும்.

ஆஃப்செட் என்பது எளிய கணக்கு. ரிம்மின் அகலத்துக்கு நடுவில் ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஹப்போடு ஒட்டி உட்காரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். முகம் வெளிப்பக்கம் தள்ளி இருந்தால் பிளஸ், சக்கரம் வண்டிக்குள் ஒடுங்கும். உள்பக்கம் தள்ளி இருந்தால் மைனஸ், சக்கரம் வெளியே துருத்தும். அலாயின் பின்பக்கம் 'ஈடி 40' என்று வார்த்திருந்தால் அது பிளஸ் 40 மிமீ. முன்சக்கரம் இழுக்கும் இன்றைய சின்னக் கார்களின் ரிம் எல்லாம் பிளஸ் 35, 45 என்றுதான் வரும். பழைய வண்டிகளுக்கு அதைவிடக் குறைவு. ஹெரால்டுக்குக் கடை ரிம்மைப் பார்க்கும்போது இந்த வித்தியாசம் உடனே இடிக்கும்.

அதற்கும் முன்னால் ஒரு சுவர் இருக்கிறது: பிசிடி, அதாவது சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்டட்டுகள் (மரையாணிகள்) நிற்கும் வட்டத்தின் விட்டம். ஹெரால்ட், ஸ்பிட்ஃபயர் ஹப்பில் நான்கு ஸ்டட்டும் 3.75 இன்ச் வட்டத்தில், அதாவது 95.25 மிமீ வட்டத்தில் நிற்கின்றன. ஸ்விஃப்டுக்கு 100 மிமீ. மாருதி 800-க்கு 114.3. ஆகவே பைபாஸ் ரோட்டுக் கடையில் தொங்கும் எந்த அலாயும் நேராக ஏறாது. 95.25-க்கும் 100-க்கும் வித்தியாசம் கொஞ்சம்தானே என்று நட்டை முறுக்கி ஏற்றிவிடுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு ஸ்டட்டும் கிட்டத்தட்ட 2.4 மிமீ விலகி நிற்கும். நட் கோணலாக உட்காரும். ஸ்டட் வளைந்த நிலையிலேயே பாரம் தாங்கும். ரிங் ரோட்டில் 90-இல் போகும்போது அது தெறித்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும். இதை ஒரு வழியாகவே நான் எண்ணமாட்டேன்.

மிச்சம் இருப்பவை நான்கு வழிகள். கம்பிச் சக்கரத்தையும் சேர்த்தால் ஐந்து. ஆனால் அதற்கு ட்யூப் வேண்டும், கம்பியை அடிக்கடி முறுக்கிச் சரிபார்க்க வேண்டும், நம் ஊர்க் குழிகளில் விழுந்து எழ வேண்டும். காட்சிக்கு நிற்கும் வண்டிக்கு அழகு. ஓட்டுகிற வண்டிக்கு வேண்டாம்.

முதல் வழி, வண்டியோடு வந்த 13 இன்ச் இரும்பு ரிம்மையே அகலப்படுத்துவது. கப்பலூரிலோ கே.புதூரிலோ நல்ல லேத் பட்டறையில் ரிம்மை வட்டமாக வெட்டி, நடுவில் ஒரு பட்டை சேர்த்து வெல்ட் செய்து தருவார்கள். இதன் பெரிய பலம், ஆஃப்செட்டை நாமே தீர்மானிக்கலாம். பட்டையை உள்பக்கம் சேர்த்தால் பிளஸ் பக்கம் நகரும், வெளிப்பக்கம் சேர்த்தால் மைனஸ் பக்கம். பிசிடி தொல்லையே கிடையாது, செலவும் குறைவு. பலவீனம் வெல்டில் இருக்கிறது. கொஞ்சம் கோணினாலும் ஸ்டியரிங் ஆடும்; ட்யூப்லெஸ் டயர் போட்டால் தையல் வழியே காற்று கசியும். இந்த வேலை செய்யும் ஒருவர் என்னிடம் நேராகவே சொன்னார்: "அண்ணே, ஒட்டித் தந்திருவேன். ஆனா இத நம்பி ஹைவேல நூறுல போகாதீங்க." நேர்மையான பேச்சு. முடித்த ரிம்மை டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்து, ஆட்டம் 1 மிமீக்குள் இருந்தால் மட்டும் வாங்குங்கள். உள்ளே ட்யூப் போடுங்கள்.

இரண்டாவது வழி, இங்கிலாந்திலிருந்து மினிலைட் மாதிரி எட்டு ஆரம் கொண்ட 13 இன்ச், 5.5ஜே (5.5 இன்ச் அகல) அலாய். 95.25 பிசிடியிலேயே செய்கிறார்கள். ஆஃப்செட்டும் இந்த வண்டிக்கென்றே கணக்கிட்டது. சுங்கவரி கட்டி, காத்திருந்து எடுக்க வேண்டும். நான்கு ரிம்மின் விலையில் இங்கே ரிம்மும் டயரும் சேர்த்தே வாங்கிவிடலாம். அது உண்மைதான்.

மூன்றாவது, உள்ளூரில் கிடைக்கும் 14 இன்ச் அலாயை அடாப்டர் வைத்து ஏற்றுவது. நான்காவது, அதையே 15 இன்ச்சில் செய்வது. இந்த இரண்டுக்கும் உயிர்நாடி அடாப்டர்தான் என்பதால் அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அடாப்டர் என்பது தடித்த அலுமினிய வட்டு. ஒரு வட்டத்தில் வண்டியின் ஹப்பில் மாட்டும், இன்னொரு வட்டத்தில் புது ஸ்டட் தாங்கும். 95.25-உம் 100-உம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும் அளவுகள். ஆகவே புது ஸ்டட்டுகளைப் பழைய ஓட்டைகளுக்கு நடுவில், 45 டிகிரி திருப்பித்தான் வைக்க முடியும். பழைய நட்டுகள் வட்டுக்குள் முழுதாகப் புதைய வேண்டும் என்பதால் 20 மிமீக்குக் குறைந்த தடிமனை நம்ப முடியாது, 25 வைத்துக்கொள்ளலாம். அந்த 25 மிமீ அப்படியே சக்கரத்தை வெளியே தள்ளும். இங்கேதான் ஒரு நல்ல பொருத்தம் அமைகிறது: ஈடி 40 ரிம்மில் 25 கழித்தால் கிடைப்பது பிளஸ் 15. பழைய வண்டிக்கு ஏற்ற எண் அது. தொல்லையாகத் தெரிந்த அதிக ஆஃப்செட், அடாப்டரோடு சேரும்போது உதவியாகிவிடுகிறது. அடாப்டர் வைத்தாலே பேரிங் போய்விடும் என்ற பேச்சும் முழு உண்மை இல்லை. பேரிங்குக்குத் தெரிவது சக்கரத்தின் நடுக்கோடு எங்கே நிற்கிறது என்பதுதான்; பிளஸ் 15 ரிம் ஒன்றை நேராக மாட்டினாலும் அதே பாரம்தான். கூடுவது, முறுக்கிச் சரிபார்க்க வேண்டிய நட்டுகளின் இன்னொரு வரிசை. ஹப்பிலேயே 100 மிமீ வட்டத்தில் புது ஓட்டை போட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சின்ன ஹப்பில் எட்டு ஓட்டை எனக்குச் சம்மதம் இல்லை.

இப்போது டயரோடு சேர்த்துப் பார்ப்போம். ஒப்பிட ஒரு அடிப்படை வேண்டுமே என்று 13 இன்ச் ரிம்மின் ஆஃப்செட்டை பிளஸ் 20 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் ரிம்மை அளந்து அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். 13 இன்ச்சில் 175/70 டயர் (175 மிமீ அகலம், அதில் 70 சதவீதம் பக்கச்சுவரின் உயரம்) போட்டால் ஹப் முகத்திலிருந்து உள்ளே 107.5 மிமீ, வெளியே 67.5 மிமீ. 14 இன்ச்சில் 165/70 டயர், பிளஸ் 15 என்றால் உள்ளே 97.5, வெளியே அதே 67.5. அதாவது மட்கார்டு பக்கம் ஒரு மில்லிமீட்டரும் கூடாமல், உள்ளே 10 மிமீ இடம் மிச்சம். அதே 14-இல் 185/60 போட்டால் உள்ளே 107.5, வெளியே 77.5. 15 இன்ச்சில் 195/50, ஈடி 38 ரிம் 25 அடாப்டரோடு என்றால் பிளஸ் 13, உள்ளே 110.5, வெளியே 84.5. முதல் கணக்கைவிட 17 மிமீ வெளியே. ஹெரால்டின் பின் வளைவு அதைத் தாங்காது. தகட்டை மடிக்கவோ வெட்டவோ வேண்டும்.

உயரத்தில் யாரும் பெரிதாக விலகவில்லை. ஸ்பிட்ஃபயர் 1500-உம் இரண்டு லிட்டர் ஆறு சிலிண்டர் ஜிடி6-உம் கம்பெனியிலிருந்தே 155 டயரில், 13 இன்ச்சில்தான் வந்தன. 155/80 ஆர்13-இன் மொத்த விட்டம் 578 மிமீ. 175/70 ஆர்13 என்றால் 575, 165/70 ஆர்14 என்றால் 587, 185/60 ஆர்14 என்றால் 578, 195/50 ஆர்15 என்றால் 576. ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது. விலகுவது பக்கச்சுவரின் உயரம்: 155/80-க்கு 124 மிமீ, 175/70-க்கு 122.5, 165/70-க்கு 115.5, 185/60-க்கு 111, 195/50-க்கு 97.5. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய வீதிகளில் தினமும் போகிறவருக்கு இந்த எண்கள்தான் பேச வேண்டும். 7.3 கிலோமீட்டர் நத்தம் ரோடு மேம்பாலத்தில் எந்த டயரும் சொகுசுதான். கீழே இறங்கியதும்தான் 97.5 எவ்வளவு குறைவு என்று முதுகுக்குத் தெரியும்.

கிடைப்பதையும் பார்க்க வேண்டும். 155/80 ஆர்13-உம் 165/70 ஆர்14-உம் வேகன் ஆர், செலேரியோ வண்டிகளின் அளவு. எந்த ஊர்க் கடையிலும் புதுத் தேதி டயராகக் கிடைக்கும். 195/50 ஆர்15 அப்படி இல்லை. தேடி, ஆர்டர் போட்டு வாங்க வேண்டும். வழியில் ஒரு டயர் கிழிந்தால் பயணம் அங்கேயே நிற்கும்.

பெரிய டிஸ்க் பிரேக்குக்காக 15 வேண்டும் என்ற வாதமும் இங்கே நிற்காது. ஸ்பிட்ஃபயரின் 9 இன்ச் டிஸ்க் 13 இன்ச் ரிம்முக்குள் தாராளமாக உட்காரும்.

அகல டயருக்கு எதிரான பெரிய காரணம் பின் சஸ்பென்ஷனில் இருக்கிறது. ஹெரால்டில் பின் ஆக்சில் இரண்டு கையாக ஆடும் ஸ்விங் ஆக்சில். வளைவில் பிடி அதிகமாக அதிகமாக, அந்த விசையே வண்டியின் பின்பகுதியை மேலே தூக்கும். வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்கும். மடங்கியதும் பிடி சட்டென்று போய்விடும். திண்டுக்கல் பக்கம் சிறுமலைக்கு ஏறும் 18 கொண்டை ஊசி வளைவுகளில் நடுவில் ஆக்சிலரேட்டரை விட்டால் இது நன்றாகப் புரியும். 195 டயர் இதைத் தீர்க்காது, கூட்டிவிடும். தீர்ப்பது ஸ்பிட்ஃபயர் மார்க் 4-இல் வந்த ஸ்விங் ஸ்பிரிங், அதாவது நடுவில் ஆடும்படி பொருத்திய லீஃப் ஸ்பிரிங். அகல ரிம்முக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் அதற்குச் செலவிடுங்கள். சுமார் 800 கிலோ எடையுள்ள வண்டிக்கு 175-க்கு மேல் டயர் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி என்பதையும் மறக்கக் கூடாது.

இதே ஸ்விங் ஆக்சில் அளவெடுக்கும்போதும் ஏமாற்றும். பாடியில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் பின் சக்கரம் அடிப்பக்கம் உள்ளே மடங்கித் தொங்கும். அந்த நிலையில் எடுத்த அளவு எதற்கும் உதவாது. லீஃப் ஸ்பிரிங்கின் முனைக்குக் கீழே முட்டுக் கொடுத்து, வண்டி தரையில் நிற்கும் உயரத்துக்குக் கொண்டுவந்து, அப்புறம் ஹப் முகத்திலிருந்து உள்ளே ஸ்பிரிங் வரையிலும் வெளியே மட்கார்டு விளிம்பு வரையிலும் அளக்க வேண்டும். பிறகு இன்னும் இரண்டு மூன்று அங்குலம் உயர்த்தி மறுபடியும் அளக்க வேண்டும். சக்கரம் மேலே ஏற ஏற அதன் தலை உள்பக்கம் சாயும். ஆகவே வெளி விளிம்பைவிட உள்பக்கத்தைக் கவனமாகப் பாருங்கள். முன்னால் வேறு கதை. லண்டன் டாக்சி மாதிரி திரும்பும் வண்டி இது. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் டயரின் உள்விளிம்பு சேஸிஸ் பக்கம் போகும். இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, இடிக்கக்கூடிய இடங்களில் களிமண் உருண்டை ஒட்டி வைத்துப் பாருங்கள். நசுங்கிய இடம் உண்மையைச் சொல்லிவிடும்.

சரி, எதை எடுக்கலாம்? பணமும் பொறுமையும் இருந்தால் இறக்குமதி 13, 5.5ஜே, 175/70. இந்த வண்டிக்கு அதைவிடப் பொருத்தமான சக்கரம் இல்லை. உள்ளூரிலேயே முடிக்க வேண்டும், அடிக்கடி நெடுந்தூரம் போக வேண்டும் என்றால் 14 இன்ச், ஈடி 40 ரிம், ஹப்பின் நடுவளையத்தில் சரியாக உட்காரும்படி கடைந்த 25 மிமீ அடாப்டர், 165/70 டயர். 185/60-ஐ, கார் பந்தய ஆசையும் ஸ்விங் ஸ்பிரிங்கும் இரண்டும் உள்ளவருக்கு மட்டும் சொல்வேன். அகலப்படுத்திய இரும்பு ரிம் ஊருக்குள் ஓட்ட. 15 இன்ச்சை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

எந்த அலாய் போட்டாலும் ஸ்டட் நீளத்தைப் பாருங்கள். பழைய ஸ்டட் 3/8 இன்ச், மெல்லிய இரும்பு ரிம்முக்கென்று வைத்தது. ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது நட் மரையில் ஏற வேண்டும். இல்லையென்றால் நீள ஸ்டட் மாற்றாமல் ஓட்டாதீர்கள். முன் பக்கம் கீழே, சக்கரம் திரும்பும் மூட்டான ட்ரன்னியனுக்குக் கிரீஸ் அடிக்காமல் ஈபி 90 கியர் ஆயில் விட வேண்டும். சக்கரம் கொஞ்சம் வெளியே நகர்ந்தாலும் அந்த இடத்துக்குப் பாரம் கூடும். காய்ந்து துருப்பிடித்த ட்ரன்னியன் முறிந்தால் முன்சக்கரமே படுத்துவிடும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. ரிம்மும் இன்ஜினும் மாற்றும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி வின்டேஜ் பதிவு வாங்க நினைத்தால் வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும். ஆகவே கழற்றிய நான்கு ரிம்மையும் ஸ்டட்டுகளையும் துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வீட்டிலேயே வையுங்கள். பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டால் மறுபடி அந்த 95.25 பிசிடி ரிம் இங்கே கிடைப்பது கஷ்டம்.