ஒரு பெட்டி குளுக்கோஸ் பொடி, ஆறு பொட்டலம்

மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ மெடிக்கல் ஸ்டோரில் போய் “ஒரு குளுக்கோஸ் தாங்க” என்று கேட்டால், மூன்றில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம். மணமும் நிறமும் இல்லாத வெறும் குளுக்கோஸ் பொடி. ஆரஞ்சு, எலுமிச்சை வாசனையோடு வரும் கலர் பொடி. அல்லது வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட். சுகர் மாத்திரை சாப்பிட்டு ரத்தச் சர்க்கரை சடாரென்று தாழ்ந்துபோகிறவருக்கு இந்த மூன்றும் ஒன்றல்ல. நாங்கள் இங்கே மதிப்பிடுவது முதலில் சொன்ன வெறும் பொடியை. குளுக்கோன்-டி, குளுக்கோவிட்டா என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் சரி, வாசனை சேர்க்காத வகையாக இருக்க வேண்டும்.

எல்லா சுகர் நோயாளிக்கும் இது வேண்டுமா என்றால், வேண்டாம். மெட்ஃபார்மின், சிடாக்ளிப்டின், வில்டாக்ளிப்டின், டாபாக்ளிஃப்ளோசின் போன்றவை தனியாக எடுக்கும்போது சுகரை அபாயமாகத் தாழ்த்துவது அபூர்வம். ஆபத்து, இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவற்றில் ஒன்றை விழுங்குகிறவர்களுக்கும்தான். வயிற்றுக்குச் சோறு வந்ததா இல்லையா என்று இந்த மாத்திரைகள் பார்ப்பதில்லை. கணையத்தை நெருக்கி இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். இப்போது பெரும்பாலும் இரண்டு மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரையாக வருவதால், “நான் ஒரு மாத்திரைதான் திங்கேன்” என்பதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. அட்டையின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறவர்கள், கொண்டுவருகிறவரிடமே பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பெயர்களில், மேலே சொன்ன ஆபத்துள்ள மருந்தோடு வோக்லிபோஸ் அல்லது அகார்போஸும் சேர்ந்து இருந்தால் இந்தப் பொடி வீட்டில் இருந்தே ஆக வேண்டும். கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரை நம் ஊர்களில் சாதாரணமாக எழுதித் தரப்படுகிறது. வோக்லிபோஸின் வேலை, குடலில் சீனியை உடைக்கும் நொதியைத் தடுப்பது. சீனி என்பது குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கைகோத்து நிற்கிற பொருள். கோத்த கையைப் பிரித்தால்தான் ரத்தத்துக்குள் போகும். அந்தப் பிரிப்பு வேலையையே மாத்திரை முடக்கி வைத்திருக்கும்போது, சுகர் தாழ்ந்தவருக்குச் சீனித் தண்ணி கொடுத்தால் ஏறுவதற்குத் தாமதமாகும். கருப்பட்டியும் அப்படித்தான். குளுக்கோஸுக்கு உடைபட வேண்டிய தேவையே இல்லை, நேராக உள்ளே போய்விடும். இந்த ஒரு காரணத்துக்காகவே சீனி டப்பாவுக்கு மேலே இந்தப் பொடியை வைக்கிறோம்.

அளவுக்கு வருவோம். சுகர் 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் பொறுத்து மறுபடி பரிசோதனை, இன்னும் 70-க்குக் கீழே என்றால் இன்னொரு 15 கிராம்: இதுதான் பரவலாகப் பின்பற்றும் முறை. கடைப் பொடி டெக்ஸ்ட்ரோஸ் மோனோஹைட்ரேட். அதன் எடையில் ஏறக்குறைய 9 சதவீதம் தண்ணீர். ஆகவே 16 அல்லது 17 கிராம் பொடி எடுத்தால் 15 கிராம் குளுக்கோஸ் சரியாக இருக்கும். தலை தட்டிய ஒரு டீஸ்பூனில் 3 முதல் 4 கிராம்தான் பிடிக்கும். கூம்பாக அள்ளினால் 5-ஐத் தாண்டும். கை நடுங்கிக்கொண்டிருக்கிறவர் கூம்பா, தலை தட்டியதா என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். முன்கூட்டியே தராசில் நிறுத்து வைப்பதே வழி. 100 கிராம் பெட்டி ஒன்றில் ஆறு பொட்டலம் தேறும். நகைக்கடையில் கொடுக்கிற மாதிரியான சிறிய ஜிப் கவர் போதும்.

கரைப்பதிலும் ஒரு கை வழக்கம் உண்டு. டம்ளரில் முதலில் பொடியைக் கொட்டி, அதன்மேல் அரை டம்ளர் சாதாரணத் தண்ணீர், அதாவது 100 மில்லி, ஊற்றிக் கலக்கினால் அரை நிமிடத்தில் தெளிந்துவிடும். தண்ணீரின் மேல் பொடியைக் கொட்டினால் கட்டிகள் மிதக்கும், ஐஸ் தண்ணீரில் கரையவே நேரமாகும். ஒரு செம்பு தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது நல்லெண்ணம்தான், ஆனால் குடித்து முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். வாயில் பட்டதும் நாக்கில் ஒரு குளிர்ச்சி தெரியும். சீனியைவிட இனிப்புக் குறைவு, அதைப் பார்த்து இன்னும் இரண்டு கரண்டி சேர்க்க வேண்டாம். உலர்ந்த பொடியை அப்படியே வாயில் கொட்டினால் புரையேறும். தண்ணீர் கொஞ்சமே இருந்தால் கூழாகக் குழைத்துத் தின்னச் சொல்லலாம்.

கலர் பொடியை ஏன் ஒதுக்குகிறோம்? உட்பொருள் பட்டியலில் எடையில் அதிகமானதுதான் முதலில் அச்சாக வேண்டும் என்பது விதி. அங்கே ‘சர்க்கரை’ முதலில் நின்றால், நீங்கள் வாங்குவது பெரும்பகுதி சீனி. ஓ.ஆர்.எஸ். இன்னும் மோசமான பதிலி: உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். ஒரு லிட்டரையும் குடித்து முடித்தால்கூட ஒரு வேளைக்குத் தேவையானது கிடைக்காது. குளுக்கோஸ் மாத்திரை கிடைத்தால் நல்லது, சட்டைப் பையில் வைக்க அதுவே வசதி. ஒரு மாத்திரையில் எத்தனை கிராம் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், 4 கிராம் என்றால் நான்கு வேண்டும்.

நம் வீட்டுப் பொருட்களில் முதலில் நினைவுக்கு வருவது கரிக்கு, அதாவது இளநீர். 100 மில்லியில் 3, 4 கிராம் இனிப்புத்தான் இருக்கும், ஒரு கரிக்கு போதாது. சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியத் தொல்லை வேறு. மட்டிப்பழமும் ஏத்தன்பழமும் மெதுவாக ஏற்றும், அவை சுகர் ஏறிய பிறகு சாப்பிடுகிற இரண்டாவது கட்டத்துக்கு. பால் சாயாவில் கொழுப்பு, சாக்லேட்டிலும் கொழுப்பு. கொழுப்பு வயிற்றைத் தாமதப்படுத்தும். மார்த்தாண்டம் தேனில் உள்ள குளுக்கோஸ் உடைபடத் தேவையில்லாதது, எனவே ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு பெரிய கரண்டி கொடுக்கலாம்; ஆனால் அதில் ஃபிரக்டோஸே கூடுதல். கருப்பட்டியைக் கடித்துத் தின்ன வைப்பதும் சரிப்படாது, கட்டி கரைவதற்கே நேரம் பிடிக்கும். வோக்லிபோஸ் எடுக்காதவருக்கு, வேறெதுவும் கையில் இல்லாதபோது, நான்கு டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது தாராளமாகப் போதும்.

பரிசோதனைக் கருவியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பொடியைத் தொட்ட விரலிலேயே குத்தி ரத்தம் எடுத்தால், தோலில் ஒட்டிய குளுக்கோஸும் சேர்ந்து கருவி பொய்யாக உயரக் காட்டும். சுகர் இன்னும் 60-ல் நிற்க, திரையில் 180 என்று வந்து எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த விரலில்தான் குத்த வேண்டும். நல்ல கருவிக்கே, 100-க்குக் கீழே 15 புள்ளி முன்பின் போவது தரவிதியில் அனுமதிக்கப்பட்டது. 78 காட்டுகிறது, ஆனால் வேர்த்துக் கொட்டி கெறக்கம் வருகிறது என்றால் எண்ணை நம்பாதீர்கள், உடம்பை நம்பிப் பொட்டலத்தைப் பிரியுங்கள்.

பொடி தன் வேலையைச் செய்த பிறகு நடக்கிற தவறுதான் எங்களை அதிகம் கவலைப்பட வைக்கிறது. பத்து நிமிடத்தில் தெளிவு வந்துவிடும், “இப்ப கொள்ளாம்” என்று சொல்லிப் படுத்துக்கொள்வார்கள். குளுக்கோஸ் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கிளிமிபிரைடோ நாள் முழுக்க வேலை செய்யும். சிறுநீரகம் மந்தமானவருக்கு, குறிப்பாகக் கிளிபென்கிளமைடு எடுப்பவருக்கு, அதைவிட நீளும். சுகர் 70-ஐத் தாண்டியதும் சோறோ இட்லியோ ரொட்டியோ சாப்பிட வேண்டும், ஒரு மணி நேரம் கழித்தும் அதற்குப் பிறகும் பரிசோதிக்க வேண்டும். 54-க்குக் கீழே போனவர், வயதானவர், ஒரே நாளில் இரண்டாவது தடவை தாழ்ந்தவர் என்றால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கோ ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ கொண்டுபோங்கள். நினைவு தப்பியவர் வாயில் பொடியோ தண்ணீரோ எதுவும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். நரம்பு வழி டெக்ஸ்ட்ரோஸ்தான் அப்போது மருந்து.

பெட்டியின் மேல் எங்களுக்குக் குறைகள் உண்டு. உள்கவரைப் பிரித்த பிறகு மூடி வைக்க வழியில்லை. இரண்டு மழைக்காலம் காணும் நம் குமரி மாவட்டத்தில் பொடி கட்டி தட்டிப் போகும். கட்டியானால் கெட்டுவிட்டது என்று பொருளல்ல, ஆனால் அவசரத்துக்குக் கரையாது. அதனாலேயே வாங்கிய அன்றே பொட்டலமாக்கி, இறுக மூடும் பாட்டிலுக்குள் போடச் சொல்கிறோம். பாட்டிலின் மேல் பெரிய எழுத்தில் ‘குளுக்கோஸ், சுகர் தாழ்ந்தால்’ என்று எழுதி ஒட்டுங்கள். எழுதாத வெள்ளைப் பொடி சமையலறையில் உப்போடும் சோடா உப்போடும் மாறிப்போகும். காலாவதித் தேதியையும் அதே சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் இரண்டு பொட்டலத்தை மூடியுள்ள சிறு டப்பாவில் போட்டு இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். வெறும் கவர் வேர்வையில் நனைந்துவிடும். தோட்டத்தின் மறுகோடியில் சைக்கிளில் தொங்குகிற பையில் இருந்து பயனில்லை. முந்தின இரவே கரைத்து பாட்டிலில் எடுத்துப் போவதும் வேண்டாம், வெக்கையில் புளித்துவிடும். பொடி தனியாக, தண்ணீர் தனியாக. காலை மாத்திரையைப் புறப்படும்போது வெறும் வயிற்றில் விழுங்காமல், வெட்டு முடிந்து சாப்பிட உட்காரும்போது எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொண்டால், அந்தப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டிய நாட்களே குறையும்.