ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய மயில் விரட்டி: ஆறு மாதம் வைத்துப் பார்த்த பிறகு

மார்கழிக் கடைசியில் அப்பா கொல்லையில் மல்லாட்டை விதைத்தார். சென்னையில் இருப்பவர்களுக்கு அது வேர்க்கடலை. மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் வரிசை வரிசையாகக் கிளறிக் கிடந்தது. ஏழு மயில்கள் வந்திருந்தன. ஈரத்தில் ஊறி முளைக்கத் தயாராக இருந்த பருப்பையெல்லாம் கொத்தித் தின்றுவிட்டுப் போயிருந்தன. அரை ஏக்கர் விதை போச்சு. எங்கள் ஊர் மேல்மருவத்தூருக்குப் பக்கத்தில். அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் இதே புலம்பல்தான்.

அப்பா மயிலின் மேல் ஒரு கல்லைக்கூட எறிய மாட்டார். "முருகன் வாகனம்மா அது. ஓட்டலாம், அடிக்கக் கூடாது" என்பார். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1963-லிருந்து மயில் நம் தேசியப் பறவை. 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. விஷம் வைப்பதும் கண்ணி வைப்பதும் பெரிய குற்றம். அதனால் எங்களுக்கு இருந்த ஒரே வழி சத்தம் போட்டு விரட்டுவது. எழுபது வயதில் அவர் விடியற்காலையிலிருந்து தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு வரப்பில் நடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

நான் திருவல்லிக்கேணியில் டிடிபி வேலை பார்க்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் எனக்கு நடந்து போகிற தூரம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் போய் நாலு கடை ஏறி இறங்கி இந்தப் பெட்டியை வாங்கினேன். பச்சை பெயிண்ட் அடித்த தகரப் பெட்டி. அதன் மேல் ஒரு ஹாரன் ஸ்பீக்கர், கோயில் திருவிழாவில் கம்பத்தில் கட்டுவார்களே, அதே குழாய் சின்ன அளவில். உள்ளே 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரி, 25 வாட் ஆம்ப்ளிஃபயர், சத்தங்கள் பதிந்த மெமரி கார்டு போட ஒரு துளை, எத்தனை நிமிடத்துக்கு ஒரு தரம் கத்த வேண்டும் என்று வைக்க ஒரு திருகு. சோலார் பலகையோடு சேர்த்து 7,400 ரூபாய் கொடுத்தேன். பெட்டியில் கம்பெனி பெயர் எதுவும் இல்லை. பில்லில் ஒரு வருட வாரண்டி என்று பேனாவால் எழுதித் தந்தார்கள்.

கொல்லையில் கம்பம் நட்டுக் கட்டினோம். முதல் நாலு நாள் ஒரு மயில்கூட எட்டிப் பார்க்கவில்லை. அப்பா ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ஐந்தாம் நாள் ஒரு பெட்டை மயில் அந்தக் கம்பத்துக்கு அடியிலேயே நின்று மேய்ந்துகொண்டிருந்தது. தலைக்கு மேல் ஸ்பீக்கர் அலறுகிறது, அது நிமிரக்கூட இல்லை.

அன்றைக்குத்தான் கார்டைக் கழற்றிக்கொண்டு வந்து கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டேன். நாற்பது சத்தங்கள். ஓநாய் ஊளை, துப்பாக்கி வெடிப்பது, சைரன், முயல் வீறிடுவது, அப்புறம் கயோட்டியின் ஊளை மட்டும் ஏழெட்டு. கயோட்டி வட அமெரிக்காவில் இருக்கிற, நம் நரியைப் போன்ற மிருகம். இது எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தேடிப் படித்ததும் விஷயம் புரிந்தது. அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் 'கேம் கால்' என்று ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். அடிபட்ட முயல் கத்துகிற சத்தத்தைப் போட்டால், இரை கிடைத்தது என்று நினைத்து கயோட்டி கிட்டே வரும். ஃபாக்ஸ்ப்ரோ மாதிரி கம்பெனிகளின் கருவிகளில் யூஎஸ்பி வயரைச் சொருகி, அவர்களே தரும் மென்பொருள் வழியாக வேண்டிய சத்தத்தை ஏற்றிக்கொள்ளலாம். நம் நாட்டில் வேட்டை குற்றம், அந்தக் கருவிக்கு இங்கே வேலையே இல்லை. ஆனால் அதற்கென்று சேர்த்த சத்தங்களை யாரோ அப்படியே எடுத்து இந்த விரட்டிக்குள் போட்டிருக்கிறார்கள். மிருகத்தைக் கூப்பிடுவதற்காகப் பதிவு செய்த சத்தத்தை வைத்து மயிலை விரட்டு என்றால் அது எப்படி விரட்டும்? எங்கள் ஊர் மயில் கயோட்டியைக் கண்டதுமில்லை, அதற்குப் பயப்படவும் தெரியாது.

சரி, நாமே மாற்றுவோம் என்று உட்கார்ந்தேன். இந்தப் பெட்டியைப் பற்றி நான் சொல்ல வந்ததே இந்த மாற்றுகிற வேலையைத்தான். கூட வந்த ஒரு பக்கக் காகிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

முதலில் யூஎஸ்பி துளை. பெட்டியின் பக்கவாட்டில் ஒன்று இருக்கிறது. வயர் போட்டால் கம்ப்யூட்டருக்குப் பெட்டி இருப்பதே தெரியாது. அது சார்ஜ் ஏற்ற மட்டும். எழுபது எண்பது ரூபாய்க்கு ஒரு கார்டு ரீடர் வாங்கிக்கொள்ளுங்கள், வேறு வழியில்லை.

அடுத்தது கார்டு. பழைய கார்டை பத்திரமாக வைத்துவிட்டு 64 ஜிபி கார்டு ஒன்று போட்டேன். பெட்டி ஊமையாகிவிட்டது. பெட்டியைத் திறந்து பார்த்ததில் உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு எம்பி3 பலகை இருந்தது. இந்த மாதிரி சின்னப் பலகைகள் ஃபேட்32 என்கிற முறையில் ஃபார்மேட் செய்த, 32 ஜிபி வரைக்குமான கார்டைத்தான் படிக்கும். 64 ஜிபி கார்டுகள் கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில் வரும், இந்தப் பலகைக்கு அது புரியாது. அதனால் பெரிய கார்டுக்குக் காசு செலவழிக்காதீர்கள். 128 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்கு ஒரு எம்பிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இடம் பிடிக்கும். 4 ஜிபி கார்டே அறுபது மணி நேரத்துக்கு மேல் தாங்கும்.

அப்புறம் வரிசை. இதில்தான் எனக்கு இரண்டு ராத்திரி போனது. 001, 002 என்று அழகாகப் பெயர் வைத்து எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்து இழுத்துப் போட்டேன். பெட்டி அதன் இஷ்டத்துக்குப் பாடியது. பெயரில் இருக்கிற எண்ணை இது பார்ப்பதே இல்லை. எந்த ஃபைல் முதலில் கார்டில் எழுதப்பட்டதோ அதுதான் முதல் சத்தம். நடுவில் ஒன்றை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டால், அழித்த இடத்தில் புதியது போய் உட்காரும், வரிசை மறுபடி கலைந்துவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் கார்டை ஃபார்மேட் செய்துவிட்டு, ஃபைல்களை ஒவ்வொன்றாக, நீங்கள் நினைக்கும் வரிசையில் நகல் எடுங்கள். என் தம்பியின் மேக் மடிக்கணினியில் ஒரு தடவை ஏற்றினேன். மேக் ஒவ்வொரு ஃபைலுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டி ஃபைலையும் கூடவே எழுதும். பெட்டி அதையும் பாட்டு என்று நினைத்துப் பாடப் பார்க்கும், ஒன்றும் வராது. விண்டோஸில் செய்வதே நிம்மதி.

எந்தச் சத்தத்தைப் போடுவது? பறவைக் குரல்களுக்கு ஜீனோ-கான்டோ என்று ஒரு இணையக் களஞ்சியம் 2005-லிருந்து இருக்கிறது. யாரும் கேட்கலாம், இறக்கிக்கொள்ளலாம். பெரும்பாலான பதிவுகளில் வியாபாரத்துக்கு எடுக்கக் கூடாது என்ற நிபந்தனை உண்டு, அதை மதிக்க வேண்டும். நான் முதலில் எடுத்தது மயில் சாதாரணமாக அகவும் சத்தம். அதைப் போட்ட அன்று தூரத்து முள்காட்டிலிருந்து மயில்கள் பதிலுக்கு அகவின, அரை மணி நேரத்தில் மூன்று வந்து சேர்ந்தன. தன் இனத்துக் குரல் கேட்டால் வரத்தானே செய்யும், கேம் கால் வேலை செய்வதே அப்படித்தான். நமக்கு வேண்டியது, நாயைக் கண்டு பயந்து அடித்தொண்டையிலிருந்து வெட்டி வெட்டிக் கத்துகிற எச்சரிக்கைக் குரல். இரண்டுக்கும் வித்தியாசம் காதுக்கு நன்றாகத் தெரியும். தேடும்போது அதைக் கவனித்து எடுங்கள்.

எடுத்ததை அப்படியே போட்டுவிடவும் முடியாது. பதிவு செய்தவர்கள் பலர் தொடக்கத்திலோ கடைசியிலோ தேதி, இடம் எல்லாம் தங்கள் குரலில் சொல்லியிருப்பார்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்தால் அலை அலையாகத் தெரியும். பேச்சு இருக்கிற இடம் சமமான மேடுகளாக இருக்கும், மயிலின் குரல் ஈட்டி மாதிரி குத்திட்டு நிற்கும். பேச்சை வெட்டினேன். காற்று இரைச்சல் போக 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வடிகட்டினேன். குழாய் ஸ்பீக்கரில் அதெல்லாம் எப்படியும் வராது, இருந்தால் ஆம்ப்ளிஃபயருக்குத்தான் வீண் சுமை. உச்சத்தை மைனஸ் 1 டெசிபலுக்குக் கொண்டுவந்தேன். தொடக்கம் மெல்ல ஏறக் கூடாது, திடீரென்று வெடித்துக் கிளம்ப வேண்டும். கடைசியாக, இடது வலது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து மோனோவாக மாற்றினேன். இது முக்கியம். இந்தப் பெட்டியில் இடது பக்கச் சத்தம் மட்டும்தான் ஸ்பீக்கருக்குப் போகிறது. வலது பக்கம் மட்டும் பதிவான ஒரு நாய்க் குரைப்பு எனக்குக் கேட்கவே இல்லை, கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்து ஒரு நாள் வீணானது.

எல்லாவற்றையும் விட உதவியது ஒரு சின்ன வேலை. பெட்டியின் திருகு ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று ஒரே இடைவெளிதான் தரும். மயில் அதைச் சீக்கிரம் படித்துவிடுகிறது. அதனால் திருகை 'தொடர்ந்து' என்று வைத்துவிட்டு, இடைவெளியை ஃபைலுக்குள்ளேயே வைத்தேன். ஒரு குரலுக்குப் பின்னால் நாலு நிமிட மௌனம், அடுத்ததற்குப் பின்னால் பதினொன்று, அதற்கடுத்து இரண்டு. ஆடாசிட்டியில் மௌனத்தை வேண்டிய நீளத்துக்குச் சேர்க்கலாம்.

கார்டில் இப்போது பதினான்கு சத்தங்கள். அதில் மூன்று அப்பாவுடையவை. "ஏய்... ஹோய்... போ... போ..." என்று அவர் வரப்பில் நின்று கத்துவதையும் தகர டப்பா தட்டுவதையும் அம்மா போனில் பதிவு செய்து வாட்ஸாப்பில் அனுப்பினார். வாட்ஸாப் குரல் பதிவு ஓபஸ் வகை. பெயரின் வாலை எம்பி3 என்று மாற்றினால் மட்டும் பாடாது, முறையாக மாற்றி ஏற்ற வேண்டும். மயில்கள் அதிகம் மதிப்பது இந்த மூன்றையும்தான். அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு ஆள் நிஜமாகவே வருவார் என்று அவற்றுக்குத் தெரியும். அப்பாவும் வாரத்தில் இரண்டு முறையாவது அந்தச் சத்தம் வரும்போது நேரில் போய் ஓட்டுகிறார்.

மறுபடி விதைத்த கடலை பிழைத்தது. ஒன்றுமே போகவில்லை என்று சொல்ல மாட்டேன், கம்பத்திலிருந்து தள்ளி இருக்கிற கிழக்கு ஓரம் அடி வாங்கியது. ஆனால் சித்திரையில் மூட்டை கட்டினோம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை கார்டை மாற்றுகிறேன். இரண்டு கார்டு வைத்திருக்கிறேன். ஒன்று ஊரில் பாடும்போது இன்னொன்று என் மேஜையில் தயாராகும். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் போகும்போது எடுத்துப் போகிறேன்.

காட்டுப் பன்றிக்கு இது உதவாது. புலி உறுமலைப் போட்டுப் பார்த்தேன். உறுமலின் பலமே அடித்தொனியில்தான் இருக்கிறது, இந்தக் குழாய் அதைத் தராது. ஸ்டார்ட் ஆகாத ஆட்டோவின் சத்தம் மாதிரி வந்தது. அதனால் ராத்திரியில் பெட்டியை நிறுத்திவிடுகிறோம். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேடந்தாங்கல் எங்களுக்கு ரொம்பத் தூரமில்லை. ஏரிக்கு வரும் பறவைகள் பயந்துவிடுமே என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. பெட்டியைக் கட்டிய அன்று அப்பா கேட்ட முதல் கேள்வியே, சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதுதான். குழாயைக் கீழ்ப்பக்கம் சாய்த்து எங்கள் கொல்லைக்குள் மட்டும் கேட்கிற மாதிரி வைத்திருக்கிறோம். நீங்களும் அப்படியே வையுங்கள்.

பேட்டரி நன்றாக இருக்கிறது. கார்டு போடும் துளைக்கு மூடி இல்லாதது பெரிய குறை, கோடை மழையில் ஒரு தடவை ஈரம் புகுந்தது, சைக்கிள் ட்யூபை வெட்டி மூடி செய்தோம். வாரண்டி என்று கடைக்குப் போனபோது தண்ணீர் பட்டதற்கு வாரண்டி இல்லை என்றார்கள். மழையில் நிற்க வேண்டிய பொருளுக்கு இப்படிச் சொல்வது எனக்கு இன்னும் மனசுக்கு ஒப்பவில்லை.

வாங்கி வைத்துவிட்டு மறந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இதை வாங்க வேண்டாம், ஐந்தாம் நாள் பணம் வீண். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பிள்ளை இருந்து, மாதத்தில் இரண்டு மாலை ஒதுக்க முடியும் என்றால் தாராளமாக வாங்குங்கள். சொர்ணவாரிப் பருவத்து நெல் இப்போது கழனியில் பால் பிடிக்கிறது. மயிலோடு நெல் தின்னும் சில்லைக் குருவிக் கூட்டமும் வரும். அதற்கான கார்டில் ஒன்பது சத்தம் ஏற்றியாகிவிட்டது. அப்பா நேற்று போன் செய்து, பழைய கார்டில் ஆறாவது சத்தத்துக்கு மயில் பழகிவிட்டது, அதை எடுத்துவிடு என்றார்.